பதினோராவது பௌர்ணமி

வேங்கிக்கால் கதிரொளி நகரில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி பிள்ளைகளை எல்லாம் ஒரே வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவது வழக்கம். நாலு குடும்பம், ஆறு பிள்ளைகள். பெரியவர்கள் மலை சுற்றப் போவார்கள். முறை வைத்து ஒரு வீட்டில் ஒரு பெரியவர் மட்டும் நடக்காமல் தங்கிக் காவல் இருப்பார். பிள்ளைகள் தலையணையும் போர்வையுமாக அங்கே போய்ப் படுத்துக்கொள்ளும். பதினாலு கிலோமீட்டரும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நடந்தால், சேர்த்த புண்ணியம் எல்லாம் திட்டியே தீர்ந்துவிடும் என்று அனுபவப்பட்டவர்கள் செய்துகொண்ட ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், காவல் இருக்கிறவர் உண்மையிலேயே காவல் இருந்தால்.

அருணாதேவிக்கு அது பதினோராவது பௌர்ணமி. பதினொன்று விடாமல் வெறுங்காலில் சுற்றுவதாக வேண்டுதல். வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் அவள் ஒப்பந்தத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். வருடா வருடம் பணி நீட்டிப்பு ஆணை வந்தால்தான் நாற்காலி. இந்த வருடம் மூன்று பேரில் ஒருவரைக் கழித்துவிடப் போவதாகப் பேச்சு அடிபட்டது. யாரைக் கழிக்கலாம் என்று எழுதி மேலே அனுப்ப வேண்டியவர் கண்காணிப்பாளர் அன்புச்செல்வி. அவர் வீடும் கதிரொளி நகரில்தான், மூன்று வீடு தள்ளி. அவரும் பௌர்ணமி தவறாமல் சுற்றுகிறவர். ஆக, அருணாதேவி கும்பிட வேண்டிய இரண்டு பேரும் அன்றைக்கு ஒரே பாதையில் இருந்தார்கள்.

அந்தத் தடவை பிள்ளைகள் தங்கும் முறை அன்புச்செல்வி வீட்டுக்கு. காவலுக்கு அவருடைய கணவர் ஆதிமூலம்.

"நான் வரலம்மா," என்றாள் இனியா. ஒன்பது வயது, நாலாம் வகுப்பு. போர்வையை மடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏன்? ஓவியா உன் கிளாஸ்தானே?"

"ஓவியா ஓகே. செழியன் அண்ணன் பேய்ப் படம் போடுவான். போன தடவ இராமலிங்கம் சார் வீட்லயே சொன்னான், எங்க வீட்டுக்கு வாங்க, பெரிய டிவில காட்றேன்னு."

செழியன் அன்புச்செல்வியின் மூத்தவன், ஓவியாவின் அண்ணன், பதினைந்து வயது. ஆனால் அருணாதேவிக்கு வேறு வழியும் இல்லை. கணவன் மணிவேல் பஸ் கண்டக்டர். பௌர்ணமி என்றால் சிறப்புப் பேருந்து, சிறப்புப் பேருந்து என்றால் மறுநாள் மத்தியானம்தான் வீடு. அவள் மகள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"அப்படி ஏதாவது புடிக்கலன்னா எனக்கு ஒரு போன் பண்ணு. ஏன், எதுக்குன்னு ஒரு கேள்வி கேக்க மாட்டேன். கூப்பிட்டா உடனே வந்துடுவேன். போதுமா?"

"சாமி மேல சத்தியமா?"

"சாமி மேல சத்தியமா."

இனியா போர்வையை மடித்தாள்.

அன்புச்செல்வி வீட்டு கேட் வரைக்கும் அருணாதேவி ஒரே ஒரு வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். 'பசங்களுக்குப் பேய்ப் படம் மட்டும் போட வேணாங்க மேடம்.' அவ்வளவுதான். எட்டு வார்த்தைகூட இல்லை. அலுவலகத்தில் இதைவிட நீளமான கடிதங்களை ஒரு நாளைக்கு நாற்பது அடிக்கிறவள். கேட்டைத் திறந்து அன்புச்செல்வி பட்டுச் சேலையில் வந்து நின்றதும் அவள் வாயிலிருந்து வந்தது, "ராத்திரி பால் குடிக்க மாட்டா மேடம், வற்புறுத்த வேணாம், அவ்ளோதான்," என்பது. மேலதிகாரி வீட்டு டிவியில் என்ன ஓட வேண்டும் என்று சொல்ல ஒப்பந்த ஊழியருக்கு நாக்கு புரளவில்லை. இப்படித்தான் நம் வீடுகளில் பிள்ளைகள் காரியம் கெட்டுப்போகிறது. சொல்ல வேண்டியது ஒன்று இருக்கும், மரியாதைக்குப் பாலைப் பற்றிப் பேசிவிட்டு வருவோம்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு நடக்க ஆரம்பித்தார்கள். கூட்டம் அவர்களைத் தூக்கிக்கொண்டு போனது. அன்புச்செல்விக்கு முழங்கால் வலி. அருணாதேவி அவர் பையையும் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். ஒவ்வொரு லிங்கத்திலும் முதலில் அவருக்குத் திருநீறு வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் தான் பூசினாள். பணி நீட்டிப்பு ஃபைலைப் பற்றி அவரும் பேசவில்லை, இவளும் கேட்கவில்லை. பை மட்டும் கனத்துக்கொண்டே வந்தது.

எட்டு மணி வாக்கில் அடி அண்ணாமலைக்கு வந்து சேர்ந்தார்கள். அது அருணாதேவி பிறந்த ஊர். அவள் அண்ணன் சுப்பன் பௌர்ணமிக்கு ரோட்டோரம் தண்ணீர் பாட்டிலும் வெள்ளரிப்பிஞ்சும் விற்பான். பெஞ்சில் அன்புச்செல்வியை உட்கார வைத்துவிட்டு அவர் காலுக்குத் தைலம் தேடிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஆதிமூலத்தின் எண்.

"மா." இனியாவின் குரல், மூச்சோடு சேர்ந்து வந்தது. "வா."

"என்னடா ஆச்சு?"

"கேக்க மாட்டேன்னு சொன்னியே. வாம்மா."

பின்னால் யாரோ அலறுவதும், பிள்ளைகள் சிரிப்பதும், ஒரு முரட்டு இசையும் கேட்டன. அடுத்த நொடி போன் ஆதிமூலத்தின் கைக்குப் போனது.

"ஒண்ணுமில்லமா. பசங்க படம் பாத்துனு இருக்காங்க. உங்க பொண்ணுதான் கொஞ்சம் ஜாஸ்தி பயந்துக்குது. நான் மாடியில ஒரு போன் பேசினு இருந்தேன், ஏறி வந்து போன் குடு போன் குடுன்னு ஒரே அடம். நீங்க சாமியப் பாருங்க."

என்ன படம் என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "சரிங்க சார்," என்றாள்.

"என்னவாம்?" என்றார் அன்புச்செல்வி, பெஞ்சில் காலை நீட்டியபடி.

"இனியா கூப்பிடறா மேடம். பயமா இருக்காம். நான் வேணா போயிட்டு..."

"பாதியில திரும்பினா இதுவரைக்கும் சுத்தினதே சேராது அருணா. உங்களுக்கு இது பதினொண்ணு இல்ல? மொத்தமும் வீணாயிடும்." அன்புச்செல்வி சிரித்தார். "தவிர, என் வீட்டுல உங்க பொண்ணுக்கு என்ன ஆயிடப் போவுது?"

அந்தக் கேள்விக்குப் பிறகு போகிறேன் என்று சொல்வது, உங்கள் வீட்டின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை என்று சொல்வதாகிவிடும். எழுதுகிற கையை வைத்திருப்பவரிடம் அதை யார் சொல்வார்கள்?

"இன்னாமா, எதனா அவசரமா?" சுப்பன் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். "வண்டி எடுக்கட்டா? குறுக்குல உட்டா அரை மணி நேரத்துல வேங்கிக்கால்."

"ஒண்ணுமில்லண்ணா," என்றாள்.

பிற்பாடு அவள் தனக்குத் தானே எத்தனையோ சமாதானம் சொல்லிக்கொண்டாள். பாதித் தூரம், திரும்பினாலும் ஏழு, முன்னால் போனாலும் ஏழு என்றெல்லாம். ஆனால் அண்ணன் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதை மட்டும் எந்தச் சமாதானத்துக்குள்ளும் அடைக்க முடியவில்லை. அவள் ஆதிமூலத்தைத் திரும்பக் கூப்பிட்டு, போனை மகளிடம் கொடுக்கச் சொன்னாள்.

"இனியா, அம்மா பாதி தூரம் வந்துட்டேன்டா. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. கண்ண மூடினு படுத்துக்கோ. காலையில முதல் ஆளா வந்துடறேன்."

"சரி," என்று கேட்டது. அழவில்லை. அழுதிருந்தால் ஒருவேளை அவள் போயிருப்பாள்.

வாயு லிங்கம் தாண்டும்போது நகரின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. செழியன் அனுப்பியிருந்தான். சோபாவின் மூலையில் இனியா தலையணையால் முகத்தை மூடி, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். யாரோ தலையணையைப் பிடுங்குகிறார்கள். கண்ணை இறுக மூடிய அந்த முகத்துக்குக் கீழே 'வீரமங்கை' என்று எழுத்து. இராமலிங்கம் சார் வீட்டு அம்மா சிரிக்கும் முகம் போட்டுச் சிரித்திருந்தார். இன்னும் இரண்டு பேர் சிரித்திருந்தார்கள். அன்புச்செல்வி போனை நீட்டிக் காட்டி, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "பாருங்க உங்க பொண்ண." எல்லாரும் சிரித்திருக்கும் இடத்தில் பெற்றவள் மட்டும் ஒன்றும் போடாமல் இருந்தால் நன்றாக இருக்காது என்று அருணாதேவிக்குத் தோன்றியது. கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகம் இரண்டைத் தேடி எடுத்துப் போட்டாள்.

நள்ளிரவு தாண்டித் திரும்பியபோது, பிள்ளைகள் தூங்கியிருக்கும் என்று அன்புச்செல்வி சொல்ல, அருணாதேவி நேரே தன் வீட்டுக்குப் போய்விட்டாள். காலை ஆறு மணிக்கு அவள் போனபோது இனியா கேட்டுக்கு உள்ளே, படியில் உட்கார்ந்திருந்தாள். செருப்பு போட்டு, பையை மாட்டி, போர்வையை மடியில் வைத்திருந்தாள். கண்கள் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன.

"எப்படா எழுந்தே?"

ஓவியாதான் கதவருகே நின்று சொன்னாள். "அவ தூங்கவே இல்ல ஆன்ட்டி. லைட்டப் போடுன்னு கேட்டுனே இருந்தா. அண்ணன் போட விடல."

அருணாதேவி மகள் நெற்றியில் திருநீறு வைக்கக் கையைக் கொண்டுபோனாள். இனியா பின்னால் சாய்ந்து, அம்மாவின் முகத்தை ஒரு தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல உற்றுப் பார்த்தாள்.

அன்றைக்கு ஞாயிறு. திங்கட்கிழமைதான் கதை புரிய ஆரம்பித்தது. இனியா பள்ளி வேனில் நாலரைக்கு வீட்டுக்கு வந்துவிடுவாள். உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு இருப்பாள். ஆறு மணிக்கு அருணாதேவி வந்து தட்டி, "அம்மா வந்துட்டேன், கதவத் திற," என்றதும் திறப்பாள். இரண்டு வருடமாக அப்படித்தான். அன்றைக்குத் திறக்கவில்லை.

"இனியா, அம்மாடா."

"நீ யாரு?"

விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். உள்ளே சிரிப்பு இல்லை. ஒன்றாம் வகுப்பு டீச்சர் பெயர் என்ன என்று கேள்வி வந்தது. சொன்னாள். போன பிறந்தநாளுக்கு வாங்கிய கவுனின் நிறம் கேட்டது. அதையும் சொன்னாள். "அதெல்லாம் அதுக்கும் தெரியும்," என்று குரல் வந்தது. கடைசியில் எதிர்வீட்டு எல்லம்மாள் வந்து, "உங்கம்மாதாண்டி, நான் பாத்துனுதான் நிக்கிறேன், இன்னா புள்ள இது," என்று சாட்சி சொன்ன பிறகுதான் தாழ்ப்பாள் விலகியது. தன் வீட்டு வாசலில், தன் மகளிடம், நான்தான் உன் தாய் என்று நிரூபிக்க எதிர்வீட்டு ஆளைக் கூப்பிட வேண்டியிருந்தது அருணாதேவிக்கு.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். ராத்திரியில் விளக்கு அணைக்கக் கூடாது. அம்மா பக்கத்தில் படுக்கலாம், ஆனால் தொடக் கூடாது. அம்மா தூங்கிய பிறகுதான் அவள் தூங்குவாள். கைதியைக் காவல் காக்கிற மாதிரி, கண்ணை விரித்துக்கொண்டு படுத்திருப்பாள். பத்து நாளில் பிள்ளை இளைத்துவிட்டது. மணிவேல் டாக்டரிடம் போகலாம் என்றான், அப்புறம் மந்திரிக்கலாம் என்றான், அப்புறம் டூட்டிக்குப் போய்விட்டான்.

பள்ளி விட்டு வந்த ஓவியாவிடம் படத்தின் பெயரைக் கேட்டுக்கொண்டு, அருணாதேவி மறுநாள் சாப்பாட்டு வேளையில் பழைய ஃபைல்கள் அடுக்கியிருக்கும் அறையில் உட்கார்ந்து அதைப் போனில் பார்த்தாள். பெரியவர்களுக்கு மட்டும் என்று ஆரம்பத்திலேயே போட்டார்கள். படத்தில் ஒரு சின்னப் பெண் வீட்டில் தனியாக இருக்கிறாள். தாய் வெளியூர் போயிருக்கிறாள். பெண் பயந்துபோய் அம்மா என்று கூப்பிடுகிறாள். கூப்பிட்ட அடுத்த கணம் கதவு தட்டப்படுகிறது. "அம்மா வந்துட்டேன், கதவத் திற. கூப்பிட்டா உடனே வந்துடுவேன்னு சொன்னேன்ல?" அதே சேலை, அதே குரல். பெண் கதவைத் திறக்கிறாள். அதற்கு மேல் அந்த அம்மா உருவம் அந்தப் பிள்ளைக்குச் செய்வதை இங்கே எழுத வேண்டாம். முப்பத்தாறு வயதுக்காரி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். படத்துக்காக அழவில்லை. இந்த இடம் ஓடும்போதுதானோ என்னவோ அந்த வீட்டு மாடிப்படியில் ஏறிப்போய் ஒரு பிள்ளை தன் நிஜ அம்மாவுக்குப் போன் போட்டிருக்கிறது.

முகம் கழுவிக்கொண்டு நேரே அன்புச்செல்வியின் மேசைக்குப் போனாள். நான்கு வருடத்தில் முதல் தடவையாகக் கூப்பிடாமல் போனாள்.

"மேடம், அன்னைக்குப் பசங்க பார்த்தது பெரியவங்க படம். இனியா பத்து நாளா தூங்கல. என்னைப் பார்த்தே பயப்படறா. சார் கூட இருந்து பார்த்திருக்கலாம்."

அன்புச்செல்வி கண்ணாடியைக் கழற்றினார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் இவளுக்கும் சண்டை போட வசதியாக இருந்திருக்கும்.

"ஆறு பசங்க பார்த்தாங்க அருணா. அஞ்சு பேரு நல்லாத்தான் இருக்காங்க. செழியன் எல்லாம் ஏழு வயசுலேர்ந்து பார்க்கறான். உங்க பொண்ண நீங்க ரொம்பப் பொத்தி வளர்த்துட்டீங்க. அதுக்கு நாங்க என்ன செய்யறது?"

"அவ பயந்ததை வீடியோ எடுத்து..."

"குரூப்புல நீங்களும்தானே சிரிச்சீங்க?"

அன்புச்செல்வி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஏதோ இப்போதுதான் ஞாபகம் வந்தவர் போல, "உங்க ஃபைல் காலையிலதான் மேல போச்சு. நீட்டிப்புக்கு மூணு பேர்ல உங்க பேர முதல்ல எழுதியிருக்கேன்," என்றார்.

இந்த இடத்தில் ஒரு தாய் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று நமக்கெல்லாம் தெரியும். தெரிவதில் என்ன கஷ்டம்? அருணாதேவி சொன்னது, "ரொம்ப தேங்க்ஸ் மேடம்," என்பது. தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்ததும் குழுவைத் திறந்து அந்த இரண்டு மஞ்சள் முகங்களையும் அழிக்கப் பார்த்தாள். நாள் கடந்துவிட்டதால் எல்லாருக்கும் அழிக்க முடியாது, உங்கள் போனில் மட்டும்தான் என்றது. தன் போனில் மட்டும் அழித்துக்கொண்டாள்.

ஆணை அந்த வார வெள்ளிக்கிழமையே வந்தது. இன்னும் ஒரு வருடம். கழிக்கப்பட்டது வந்தவாசிப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற அறிவுச்செல்வன். எல்லாருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு, டிபன் பாக்ஸை மறந்து மேசையிலேயே விட்டுவிட்டுப் போனான். சாமி வேண்டுதலைக் கேட்டுவிட்டார் என்று பக்கத்து இருக்கையில் இருந்தவர்கள் சொன்னார்கள். பதினோரு பௌர்ணமி சும்மாவா என்றார்கள். அருணாதேவி எல்லாருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தாள். வீட்டுக்கும் கால் கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டாள்.

தெருமுனையிலேயே எல்லம்மாளைக் கண்ணால் தேடிக்கொண்டு வந்தாள். அவள் வாசலில் இல்லை. இன்றைக்கு எவ்வளவு நேரம் நிற்க வேண்டுமோ என்று நினைத்தபடி வண்டியை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்கினாள். தட்டுவதற்கு முன்பே கதவு திறந்தது.

இனியா நின்றாள். சீருடையை மாற்றி, தலை வாரிக்கொண்டிருந்தாள். இரண்டு வாரத்தில் முதல் தடவையாக முகத்தில் கொஞ்சம் தெளிவு இருந்தது. அருணாதேவி பையைக் கீழே போட்டுவிட்டு மகளை அணைத்தாள். இனியா விலகவில்லை.

"எப்டிடா திறந்தே? நான் குரல்கூடக் குடுக்கலியே."

"ஜன்னல்ல பார்த்தேன்."

"பயமா இல்லியா?"

"இப்ப இல்ல. ஸ்கூல்ல யோசிச்சேன்."

"என்ன யோசிச்சே?"

"படத்துல அந்தப் பொண்ணு அம்மான்னு கூப்பிட்டவுடனே பேய் வந்துடுது இல்ல? எப்ப கூப்பிட்டாலும் டக்குனு வந்துடுது." இனியா விரலை மடக்கிக் காட்டினாள். "நான் கூப்பிட்டேன். நீ வரல. அப்படின்னா நீ பேய் இல்ல. நிஜ அம்மாதான்."

அதில் குத்தல் இல்லை, கோபம் இல்லை. கணக்குக்கு விடை சரியாக வந்துவிட்ட பிள்ளையின் நிம்மதிதான் இருந்தது. அதுதான் அருணாதேவியை அறைந்தது.

இனிமேல் அப்படி இல்லைடா, நீ எப்போது கூப்பிட்டாலும் அம்மா உடனே வந்துவிடுவேன் என்று சொல்ல வாயெடுத்தாள். வார்த்தை உதடு வரைக்கும் வந்துவிட்டது. அங்கேயே நின்றது. இனி அதைச் சொல்ல முடியாது. சொன்னால் இந்தப் பிள்ளை மறுபடியும் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும்.

"இது என்னம்மா, மைசூர்பாகா?" இனியா பெட்டியைப் பிரித்து ஒரு துண்டை எடுத்துக்கொண்டாள். "யாருக்கு, எதுக்கு?"

"அம்மாவுக்கு வேல நிலைச்சிருக்கு," என்றாள் அருணாதேவி.

"ம்," என்றாள் இனியா. வாயில் போட்டு மென்றுகொண்டே வீட்டுப்பாடம் எழுதப் போனாள்.